கல்விக் கண்காட்சி யாருக்கு, எந்த அளவுக்குப் பயன்படும்?

கல்விக் கண்காட்சி என்பது பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒரே இடத்தில் அரங்கு அமைத்து, மேற்படிப்பில் சேரவிருக்கும் மாணவர்களையும் பெற்றோரையும் நேரில் சந்திக்கும் நிகழ்ச்சி. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியும் நேரத்திலிருந்து கலந்தாய்வு தொடங்கும் வரை இதற்குப் பருவம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களில் நாளிதழ்களும் தனியார் அமைப்பாளர்களும் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். உள்ளே நுழையப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. செலவை அரங்கு வாடகை கொடுக்கும் கல்லூரிகள் ஏற்கின்றன. கண்காட்சியின் நல்லது கெட்டது இரண்டுமே பெரும்பாலும் இந்தக் கடைசி விவரத்திலிருந்துதான் பிறக்கின்றன.

பணம் ஒருவர் கொடுக்க, மற்றொருவர் இலவசமாக நுழையும் இந்த ஏற்பாட்டில் மாணவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? பொருளியலாளர், சமூகவியலாளர், மனித நடத்தையை ஆய்பவர் என மூன்று துறையினர் இதற்கும் இதைச் சார்ந்த கேள்விகளுக்கும் கடந்த அறுபது ஆண்டுகளாக விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது.

கேள்வி எழுந்த சூழல்

கல்லூரிகள் சிலவாகவும் விண்ணப்பிப்போர் பலராகவும் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. கல்லூரி மாணவரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நிலை அரிது. தமிழ்நாட்டில் 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்ட பிறகு நிலைமை படிப்படியாகத் தலைகீழானது. 1990-களின் பிற்பகுதியில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007-இல் நுழைவுத்தேர்வு கைவிடப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையானது. 2018-இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. இன்று கலந்தாய்வுப் பட்டியலில் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. முன்னணிக் கல்லூரிகளில் ஓர் இடத்துக்குப் பலர் முட்டிமோதும்போதே, கடைநிலைக் கல்லூரிகளில் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கின்றன.

இந்தப் பின்னணியில் யார் அரங்கு போடுகிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. கலந்தாய்வின் முதல் சுற்றிலேயே நிரம்பிவிடும் கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களுக்கு விளம்பரம் தேவையில்லை. கலந்தாய்வுக்கு வெளியே தாங்களே சேர்க்கை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் தேவை உண்டு. சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 35 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில், நிரப்பிக்கொள்ளலாம். அந்த இடங்களுக்கும் ஆள் வேண்டும். எனவே கண்காட்சிக் கூடத்தைச் சுற்றிவரும் மாணவர் பார்ப்பது தமிழ்நாட்டு உயர்கல்வியின் முழு வரைபடத்தை அல்ல; மாணவரைத் தேடி வந்திருக்கும் கல்லூரிகளை மட்டுமே. மிகக் குறைந்த செலவில் படிக்கக்கூடிய அரசு கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் அந்தக் கூடத்தில் இருப்பதில்லை.

தகவல் கிடைத்தால் போதும் என்னும் தரப்பு

ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் தகவலின் பொருளியல் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் தரப்புக்கு அடித்தளம். விலையையும் தரத்தையும் தேடி அலைவதற்கே செலவு பிடிக்கும். தேடும் செலவு குறைந்தால் வாங்குபவர் நல்ல தெரிவைச் செய்வார் என்பது அதன் சாரம். விற்பவரையும் வாங்குபவரையும் ஓரிடத்தில் கூட்டும் சந்தை தேடும் செலவைக் குறைக்கிறது. பெரம்பலூரிலோ பரமக்குடியிலோ இருக்கும் ஒரு குடும்பம் இருபது கல்லூரிகளுக்கு நேரில் போய்வர ஆகும் பேருந்துச் செலவையும் கூலியிழப்பையும் கணக்கிட்டால், ஒரே நாளில் இருபது அரங்குகளைப் பார்த்துவிடுவது பெரிய மிச்சம்.

இந்தத் தரப்புக்குப் பெரும் ஊக்கம் தந்தது கேரலின் ஹாக்ஸ்பி, சாரா டர்னர் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு. நல்ல மதிப்பெண் பெற்ற ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிகள் பற்றியும் உண்மையான செலவு பற்றியும் விளக்கும் அஞ்சல் உறைகளை, ஆளுக்குச் சுமார் 6 டாலர் செலவில், அனுப்பினார்கள். உறை பெற்ற மாணவர்கள் மேலும் தரமான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துச் சேர்ந்தார்கள் என்று 2013-இல் முடிவு வெளியானது. தகவல் இல்லாததுதான் தடை, அதைக் கொடுத்தால் போதும் என்று பலரும் நம்பத் தொடங்கினார்கள்.

நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் இதையொத்த முயற்சியை அந்நாட்டின் 'காலேஜ் போர்டு' அமைப்பு சுமார் 7,85,000 மாணவர்களிடம் செய்து பார்த்தபோது, சேர்க்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. இதற்கு மாறாக, சூசன் டைனார்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் மிச்சிகனில் செய்த சோதனை பெரிய விளைவைக் காட்டியது. கல்விக் கட்டணம் கிடையாது என்ற உறுதிமொழியை முன்கூட்டியே கடிதமாகப் பெற்ற ஏழை மாணவர்களில் 68 சதவீதம் பேர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். கடிதம் பெறாதவர்களில் 26 சதவீதமே. சேர்ந்தவர்களின் விகிதம் 12-இலிருந்து 27 ஆனது. எரிக் பெட்டிங்கர் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் செல்கிறது. நிதியுதவி விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தபோது கல்லூரியில் சேர்வோர் 34 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்ந்தார்கள். விவரத்தை மட்டும் சொல்லி அனுப்பியபோது பலன் இல்லை.

இந்த முடிவுகளை அமெரிக்கச் சூழலிலிருந்து அப்படியே தமிழ்நாட்டுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லத் துணியலாம்: தாளில் அச்சிட்ட தகவல் மட்டும் அதிகம் சாதிப்பதில்லை, உறுதியான வாக்கும் கைபிடித்து உதவும் ஆளும் சாதிக்கின்றன. கண்காட்சியில் பை நிறையக் கிடைப்பது முதல் வகை.

விற்பவர் போட்ட மேடை என்னும் தரப்பு

இரண்டாம் தரப்பும் பொருளியலில் பிறந்ததுதான். ஆனால் ஐயத்தோடு பிறந்தது. வாங்கும் முன்பே தரம் தெரியும் பொருள், பயன்படுத்திய பிறகே தெரியும் பொருள் என்று ஃபிலிப் நெல்சன் 1970-இல் பிரித்தார். பயன்படுத்திய பிறகும் தரத்தை எளிதில் மதிப்பிட முடியாத மூன்றாம் வகையை டார்பியும் கார்னியும் 1973-இல் சேர்த்தார்கள். பட்டப்படிப்பு இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையே நிற்கிறது. நான்கு ஆண்டு கழித்து வேலை கிடைக்காதபோது, குறை கல்லூரியிலா, பாடப்பிரிவிலா, மாணவரிடமா, சந்தை நிலவரத்திலா என்று பிரித்துச் சொல்வது கடினம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமற்றது தரமானதை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் காட்டியதும் இந்தத் தரப்புக்குத் துணை.

இங்கே வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு பொருந்தும். ஐரோப்பாவின் இடைக்காலத்தில் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் நடந்த வணிகச் சந்தைகள் ஏன் நம்பிக்கைக்குரியனவாக இருந்தன என்று மில்க்ரம், நார்த், வைங்காஸ்ட் மூவரும் 1990-இல் ஆராய்ந்தார்கள். வணிகர்களின் வழக்குகளைத் தீர்க்கவும், ஏமாற்றியவர் யார் என்று வருபவருக்குச் சொல்லவும் அங்கே தனி நடுவர்கள் இருந்ததையே காரணமாகக் காட்டினார்கள். கல்விக் கண்காட்சியில் அத்தகைய நடுவர் இல்லை. சென்ற ஆண்டு அரங்கில் சொன்ன வேலைவாய்ப்புக் கணக்கு பொய்த்தது என்றால், இந்த ஆண்டு அதே அரங்குக்கு வரும் மாணவருக்கு அது தெரிய வழியில்லை. சட்டத்தின் பக்கமும் தெளிவில்லை. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் தீர்ப்பளித்தது. பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

இந்தத் தரப்பின் பலவீனம், அரங்கில் நிற்பவர் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது. நெடுங்காலம் நிலைக்க விரும்பும் கல்லூரிக்குப் பொய் சொல்வதால் இழப்பு உண்டு. பழைய மாணவரின் வாய்ச்சொல் அதைத் தாக்கும். தவிர, அரங்குக்குச் சிலர் துறைப் பேராசிரியரையும் மூத்த மாணவரையும் அனுப்புகிறார்கள். வேறு சிலர் சேர்க்கைக்கு ஆள் பிடித்தால் ஊக்கத்தொகை பெறும் ஊழியரை அனுப்புகிறார்கள். யாரை அனுப்பியிருக்கிறார்கள் என்பதே கல்லூரியைப் பற்றி ஓரளவு சொல்லிவிடும்.

யார் வருகிறார், யார் கேட்கிறார்

மூன்றாம் தரப்பு சமூகவியலிலிருந்து வருவது. பியர் பூர்தியூவும் ழான் குளோத் பாஸ்ரோனும் 1964-இலும் 1970-இலும் வெளியிட்ட நூல்களில், கல்வி அமைப்பு எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றினாலும் ஏற்கெனவே படித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கே அது தாய்வீடு போல அமைகிறது என்று வாதிட்டார்கள். கூடம் எல்லாருக்கும் திறந்திருக்கலாம். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது, சொன்ன பதிலை எப்போது மறுத்துக் கேட்பது என்பது வீட்டிலிருந்து வருகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவியும் அவள் தந்தையும் அரங்கின் முன் அமைதியாக நின்று துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு நகரும் அதே நேரத்தில், பக்கத்திலிருக்கும் பொறியாளர் ஒருவர் தம் மகனுக்காகப் பேராசிரியரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். இருவருக்கும் கண்காட்சி ஒன்றல்ல.

இங்கிலாந்தில் ஸ்டீஃபன் பால், கரோல் வின்சென்ட் ஆகியோர் 1998-இல் பள்ளித் தெரிவு பற்றி எழுதியபோது, குடும்பங்களின் அறிவைச் சூடானது, குளிர்ந்தது என்று பிரித்தார்கள். அக்கம்பக்கத்தாரும் உறவினரும் சொல்வது சூடானது. அரசு வெளியிடும் தேர்ச்சி விகிதமும் தரவரிசையும் குளிர்ந்தது. மக்கள் பெரிதும் நம்புவது முன்னதைத்தான். உயர்கல்வி பற்றிப் பின்னர் எழுதியவர்கள் இரண்டுக்கும் இடையே வெதுவெதுப்பான ஒன்றைச் சேர்த்தார்கள்: கல்லூரியின் ஆளாகவே இருந்தாலும், நேரில் பேசிக் கிடைக்கும் தகவல் அது. கண்காட்சியில் நல்லபடியாகக் கிடைக்கக்கூடியது இந்த வகை. உறவில் ஒருவர்கூடப் பொறியியல் படிக்காத குடும்பத்துக்குச் சூடான தகவலுக்கு வழியே இல்லை; அவர்களுக்குத்தான் அரங்கில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரின் பேச்சு அதிகம் தேவை. ஆனால் அவரிடம் பேச்சுக் கொடுக்கத் தயங்குபவர்களும் அவர்களே.

இந்தத் தரப்பின் குறை, நிலைமையை விளக்குவதோடு நின்றுவிடும் போக்கு. குடும்பப் பின்னணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் தயாரிப்புக்கு வேலையில்லை என்றாகிவிடும். நடைமுறையில் அப்படியில்லை. கேட்கவேண்டிய கேள்விகளைப் பள்ளியிலேயே எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால், பின்னணி தராததைக் காகிதம் ஓரளவு தரும்.

தெரிவு மிகுந்தால் குழப்பம்?

மனித நடத்தையை ஆய்பவர்களான ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஜாம் புட்டிச் சோதனை புகழ்பெற்றது: 24 வகை வைத்த மேசையில் பலர் நின்று பார்த்தார்கள், சிலரே வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது வாங்கியவர் விகிதம் பல மடங்கு. நூறு அரங்குள்ள கூடத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் இதுபோன்ற 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2010 ஆய்வு, சராசரி விளைவு ஏறத்தாழப் பூஜ்யம் என்றது. 2015-இல் வந்த மற்றொரு தொகுப்பு, தமக்கு என்ன வேண்டும் என்பதில் தெளிவில்லாதவர்களிடமே குழப்பம் மிகுகிறது என்று வரையறுத்தது. கண்காட்சிக்குக் கொள்ளத்தக்கது இந்தப் பிந்தைய முடிவுதான்.

இதைக் கல்லூரித் தெரிவு பற்றிய பழைய மாதிரியோடு இணைத்துப் பார்க்கலாம். ஹாஸ்லரும் கல்லகரும் 1987-இல் தெரிவை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: படிக்கவேண்டும் என்ற எண்ணம் உருவாதல், தேடல், முடிவெடுத்தல். கண்காட்சி இரண்டாம் கட்டத்துக்கு உரியது. முதல் கட்டமே முடியாதவர் அங்கே போனால் திணறுவார். மூன்றாம் கட்டத்தை அங்கேயே முடிக்க முயல்பவர் இழப்பார்.

போவதற்கு முன் கிடைக்கும் தரவு

கண்காட்சியில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று சொல்லத்தக்க விவரங்கள் பல, இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை முன்பே பார்த்துவிட்டு வருபவருக்கே அரங்கில் சொல்வதை எடைபோட முடிகிறது.

முதலாவது, முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் இந்த மதிப்பெண்ணில், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த வகுப்பினருக்கு எத்தனையில் முடிந்தது என்பதைக் கலந்தாய்வு இணையதளம் வெளியிடுகிறது. ஒரு கல்லூரியைப் பற்றி ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஏற்கெனவே சொன்ன கூட்டுத் தீர்ப்பு என்று இதைக் கொள்ளலாம். தீர்ப்பு எப்போதும் சரியென்று சொல்வதற்கில்லை. பழைய பெயரும் ஊர் வசதியும் அதில் கலந்திருக்கின்றன.

இரண்டாவது, அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளுக்கு வெளியிடும் பருவத்தேர்வுத் தேர்ச்சி விகிதம். இதை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினாத்தாள் அமைத்துத் தாமே திருத்துகின்றன. எனவே தன்னாட்சிக் கல்லூரி சொல்லும் 95 சதவீதத்தையும், பல்கலைக்கழகத் தேர்வெழுதும் கல்லூரியின் 70 சதவீதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது தவறு.

மூன்றாவது, அதிகம் அறியப்படாதது: 'என்.ஐ.ஆர்.எஃப்.' எனப்படும் தேசியத் தரவரிசைக்குக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் தரவுப் படிவம். 2016 முதல் வெளிவரும் இந்தத் தரவரிசையில் பொறியியல் கல்லூரிக்குக் கற்பித்தலும் வளங்களும் 30, ஆராய்ச்சி 30, பட்டம் பெறுவோர் நிலை 20, பரவலும் உள்ளடக்கமும் 10, மதிப்பீட்டாளரிடையே உள்ள பெயர் 10 என்று எடை பகிரப்படுகிறது. ஆராய்ச்சிக்கு இவ்வளவு எடை இருப்பதால், இளநிலை மாணவருக்கு வகுப்பறை எப்படியிருக்கும் என்பதை வரிசை எண் நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் படிவத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், குறித்த காலத்தில் பட்டம் பெற்றோர், வேலை பெற்றோர், அவர்களது ஊதியத்தின் இடைநிலை, மேற்படிப்புக்குச் சென்றோர் என்று எண்கள் இருக்கின்றன. இடைநிலை ஊதியம் என்பது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறும் தொகை. அரங்கின் பதாகையில் பெரிய எழுத்தில் இருப்பதோ ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்ச ஊதியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல பதாகைகளின் பளபளப்பு மங்கிவிடும். தரவரிசையில் பங்கேற்காத கல்லூரிக்கு இந்தப் படிவம் இருக்காது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரங்கில் கேட்கத்தக்கவை

தரவு சொல்லாதவற்றைக் கேட்பதுதான் நேரடிச் சந்திப்பின் தனிப்பயன். வேலைவாய்ப்பு பற்றி, "எத்தனை சதவீதம் பிளேஸ்மென்ட்?" என்ற கேள்வியால் பயன் குறைவு; பதில் தொண்ணூறுக்குக் குறைவாக வருவது அபூர்வம். அந்த சதவீதம் எந்த எண்ணிக்கையில் கணக்கிடப்பட்டது என்று கேட்டால் பேச்சு மாறும். மொத்த மாணவரிலா, அரியர் இல்லாமல் தகுதி பெற்றவரிலா, பதிவு செய்தவரிலா? ஒரே மாணவர் பெற்ற மூன்று ஆணைகள் மூன்றாக எண்ணப்பட்டனவா? வந்த நிறுவனங்களில் எத்தனை அந்தப் பாடப்பிரிவுக்கு உரிய வேலை தந்தன? இயந்திரவியல் மாணவருக்குக் கிடைத்தது மென்பொருள் நிறுவன வேலையென்றால் அது குறையல்ல. ஆனால் சேர்வதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

தர அங்கீகாரம் பற்றிய குழப்பமும் அரங்கில் மிகுதி. 'நாக்' தருவது முழு நிறுவனத்துக்கான மதிப்பீடு, 'என்.பி.ஏ.' தருவது தனித்தனிப் பாடப்பிரிவுக்கான அங்கீகாரம். கல்லூரிக்கு என்.பி.ஏ. உண்டு என்ற பதாகைக்குக் கீழே நிற்கும் மாணவர், தாம் சேரவிருக்கும் பிரிவுக்கு உண்டா, எந்த ஆண்டு வரை என்று கேட்பது அவசியம். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று அண்மையில் தொடங்கிய பிரிவுகளில் பல கல்லூரிகளில் இதுவரை வெளியேறிய அணிகளே ஒன்றிரண்டுதான். அந்தப் பிரிவை நடத்தும் ஆசிரியர்கள் யார், அவர்கள் முன்பு எந்தத் துறையில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாகக் கொள்ளலாம்.

செலவைப் பொறுத்தவரை கேட்கவேண்டியது முதலாண்டுக் கட்டணத்தை அல்ல, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆகும் மொத்தத்தை. கல்விக் கட்டணம் போக, விடுதி, உணவு, பேருந்து, தேர்வு, சீருடை, மடிக்கணினி, பயிற்சி வகுப்பு எனப் பல தலைப்புகளில் பணம் கேட்கப்படும். ஸ்காலர்ஷிப் உண்டு என்றால், அது முதலாண்டுக்கு மட்டுமா, எந்த மதிப்பெண் வைத்திருந்தால் தொடரும் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

அரங்கு மேசையின் முன்னால் நிற்கும் பேராசிரியரைவிட, பின்னால் சீருடையில் நிற்கும் மாணவர்கள் பயனுள்ளவர்கள். ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் திறந்திருக்கும், விடுதியிலிருந்து வெளியே போக என்ன விதி, எத்தனை ஆசிரியர்கள் ஆண்டின் நடுவில் விலகினார்கள் என்பவை அவர்களுக்கே தெரியும். பெற்றோர் கேட்டால் அவர்கள் தயங்குவார்கள். மாணவரே தனியாகக் கேட்டால் பேசுவார்கள். ஒரு நாளில் ஐந்தாறு அரங்குகளில் இப்படிப் பேசுவது, ஐம்பதில் துண்டறிக்கை வாங்குவதைவிட மேல். ஒவ்வொரு அரங்கிலிருந்தும் நகர்ந்தவுடன் இரண்டு வரி எழுதி வைக்காதவருக்கு மாலையில் எல்லாக் கல்லூரியும் ஒன்றாகத் தோன்றும்.

முன்பணம் என்னும் பொறி

கண்காட்சியில் நேரக்கூடிய பெரிய இழப்பு தவறான தகவலால் வருவதல்ல. அவசரமாகக் கட்டும் முன்பணத்தால் வருவது. "இன்றே பதிந்தால் சலுகை", "இந்தப் பிரிவில் இன்னும் சில சீட்தான்" என்ற பேச்சுக்கு மயங்கும் குடும்பங்கள், என்ன கைநழுவுகிறது என்று கணக்கிடுவதில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரத்தில் சேர்வோருக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடிக்கும் மாணவருக்கு இவை இரண்டும் கிடையா. சலுகை என்ற பெயரில் அரங்கில் தள்ளுபடி செய்யப்படும் தொகை, இந்த இழப்போடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சிறியது. அதே கல்லூரியின் அதே பிரிவு கலந்தாய்வில் காலியாகவே இருந்திருக்கக் கூடும் என்பது இன்னும் வருத்தமான நிலை. கலந்தாய்வில் எத்தனை தெரிவுகளை வேண்டுமானாலும் பதியலாம். தரவரிசைப்படி ஒதுக்கீடு நடப்பதால், உண்மையில் விரும்பும் வரிசையிலேயே பதிவது மாணவருக்கு நன்மை; எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் எட்டும் கல்லூரி கைவிட்டுப் போகும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. இந்த ஒரு விளக்கம் எல்லாருக்கும் தெரிந்திருந்தால் முன்பணம் கட்டுவோர் எண்ணிக்கை கணிசமாகக் குறையும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகுபவருக்குக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய்க்கு உட்பட்டு 5 சதவீதம் கழிக்கலாம். நாள் செல்லச் செல்லத் தொகை குறைந்து, கடைசி நாளுக்குப் பின் 30 நாள் கடந்தால் ஏதும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்வதற்கும் அதே அறிவிக்கை தடை விதிக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தனி விதி வைத்திருக்கிறது. நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதலே இருக்கிறது. இந்த விதிகளெல்லாம் ரசீது கையில் இருப்பவருக்கே உதவும். ரசீதில்லாமல் கொடுத்த பணத்துக்கு விதியில்லை.

வெளிநாட்டுக் கல்வி அரங்குகள்

வெளிநாட்டுப் படிப்புக்கான கண்காட்சிகள் தனி ரகம். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி., பிரிட்டிஷ் கவுன்சில், அமெரிக்க அரசின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. போன்ற அமைப்புகள் தம் நாட்டின் கல்வியைப் பொதுவாக அறிமுகம் செய்பவை. ஆலோசனை நிறுவனங்கள் நடத்துபவற்றில் நிலை வேறு: பெரும்பாலான முகவர்களுக்கு வருவாய், மாணவர் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் கொடுக்கும் தரகுத்தொகை. ஆலோசனை இலவசமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. அந்த முகவருக்கு எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் உண்டு என்று கேட்பது அடிப்படை விவேகம். தரகுத்தொகை தராத, கட்டணம் குறைந்த ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகங்கள் போன்றவை அவர்கள் பேச்சில் கடைசியில் வரும், அல்லது வரவே வராது.

தீராத கேள்விகள்

கண்காட்சிக்குப் போனதால் ஒரு மாணவரின் தெரிவு மேம்பட்டதா என்பதை அளப்பது எளிதல்ல. போகிறவர்கள் ஏற்கெனவே அக்கறை கொண்டவர்கள்; போகாதவரோடு அவர்களை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்காட்சியின் கணக்கில் எழுத முடியாது. அமெரிக்க ஆய்வுகள் போலக் குலுக்கல் முறையில் சிலரை அழைத்துச் சிலரை விட்டுப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். சிறந்த தெரிவு என்றால் என்ன என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை: அதிக ஊதியமா, விரும்பிய படிப்பா, கடனில்லாமல் முடிப்பதா, வீட்டுக்கு அருகில் இருப்பதா?

அரசு நடத்தும் மாற்று முயற்சிகள் இந்த விவாதத்துக்குப் புதிய கோணம் தந்திருக்கின்றன. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. அரங்கு வாடகையை நம்பி நடக்காத வழிகாட்டல் என்பதால், விற்பவர் மேடை என்ற குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது. ஆனால் பெரிய அரங்கில் மேடையிலிருந்து பேசும் வழிகாட்டல், முன்பு குறிப்பிட்ட ஆய்வுகளின்படி, பலவீனமான வகைத் தகவலாகவே நின்றுவிடக் கூடும். விண்ணப்பம் பதிய உதவும் கலந்தாய்வு உதவி மையங்கள் அந்த வகையில் ஒருவேளை அதிகம் சாதிக்கலாம்.

காலம் பற்றிய சிக்கலும் தீரவில்லை. தனியார் கண்காட்சிகள் பல, தேர்வு முடிவு வருவதற்கு முன்பே நடக்கின்றன. தம் கட்-ஆஃப் தெரியாத மாணவர், தமக்கு எட்டும் கல்லூரி எது என்று தெரியாமலே அரங்கு அரங்காக நடக்கிறார். முடிவு வந்த பிறகோ விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு என்று நாள்கள் நெருக்குகின்றன.

இதுவரை கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், தயாராக வருபவருக்குக் கண்காட்சி நல்ல துணை. தயாராகாமல் வருபவருக்கு அது விளம்பரம், சில நேரம் இழப்பு. தயாரிப்பைக் குடும்பத்தின் பொறுப்பில் விட்டால் அது படித்த குடும்பங்களுக்கே வாய்க்கும். பள்ளிதான் அந்த வேலையை ஏற்க முடியும். ஆனால் கடைசித் தேர்வெழுதிய அன்றே பிளஸ் டூ மாணவர் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார். அந்த ஆண்டு முழுவதும் தேர்வே கண்ணாக இருப்பதால் இடையில் நேரமும் கிடைப்பதில்லை. கட்-ஆஃப் பட்டியலையும் என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தையும் படிக்கப் பழக்கும் சில வகுப்புகளைப் பள்ளிக்கல்வித் துறை பிளஸ் ஒன் ஆண்டிலேயே வைத்துவிட வேண்டும்.